நீரில் இட்ட வில்லை குவிக்க மறுக்கும்போது: அறிகுறிவாரியாகப் பிழை காணும் வழிமுறை

காற்றில் 10 செ.மீ. தொலைவில் கூர்மையாகக் குவித்த வில்லையை (லென்ஸை) நீர்த்தொட்டிக்குள் இறக்கியவுடன் பிம்பம் காணாமல் போகிறது. வில்லை கெட்டுவிட்டது என்று எண்ணி அதை மாற்றுகிறார்கள். மாற்றிய வில்லையும் அதே பிழையைக் காட்டுகிறது. இந்தப் பிழையை ஆய்வக மேசையிலும், நீரடிக் கேமராவிலும், நுண்ணோக்கியிலும் பலமுறை சரிசெய்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: வில்லையைத் தொடுவதற்கு முன்பு, அதன் இரு முகங்களையும் எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுவேன். வில்லையின் சட்டத்தில் பொறித்திருக்கும் குவியத் தொலைவு, அதாவது இணையாக வரும் ஒளி ஒரு புள்ளியில் கூடும் தொலைவு, இரு முகங்களிலும் காற்று இருக்கும்வரை மட்டுமே செல்லும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கீழே உள்ள பகுதிகளுக்குப் போவதற்கு முன்பு ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: முன்முகத்தைத் தொடும் ஊடகம், பின்முகத்தைத் தொடும் ஊடகம், வில்லை செய்யப்பட்ட பொருள். இரு முகங்களும் ஒரே ஊடகத்தில் இருந்தால் கணக்கு எளிது. வில்லைப் பொருளின் ஒளிவிலகல் எண்ணிலிருந்து (ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) 1 கழியுங்கள். இது முதல் எண். அதே ஒளிவிலகல் எண்ணை ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்து, வருவதிலிருந்து 1 கழியுங்கள். இது இரண்டாம் எண். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால், குவியத் தொலைவு எத்தனை மடங்காகும் என்பது கிடைக்கும். நீரின் ஒளிவிலகல் எண்ணை 1.333 என்று கொண்டால், 1.517 உள்ள கிரௌன் கண்ணாடி வில்லைக்கு ஏறத்தாழ 3.75 மடங்கும், 1.49 உள்ள அக்ரிலிக் வில்லைக்கு 4.2 மடங்கும், 1.586 உள்ள பாலிகார்பனேட் வில்லைக்கு 3.1 மடங்கும் வரும். இந்த மடங்கைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் அளவுகோலை நகர்த்துவதோடு தீர்ந்துவிடும்.

## அறிகுறி 1: நீரில் மூழ்கியதும் திரையில் பிம்பமே விழவில்லை

### திரை போதிய தொலைவில் இல்லை

மிக அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே. செலவும் எதுவும் இல்லை. காற்றில் 100 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட கிரௌன் கண்ணாடி வில்லை நீரில் 375 மி.மீ. ஆகிவிடும். ஆய்வகத்தில் கிடைக்கும் கண்ணாடித் தொட்டிகள் பல அதைவிடக் குட்டையானவை. ஆகவே குவியம் தொட்டிக்கு வெளியே விழுகிறது. தொட்டிக்குள் நிறுத்திய திரையில் மங்கலான ஒளிவட்டம் மட்டுமே தெரிகிறது.

சோதிக்கும் முறை: நீரில் சில சொட்டுப் பால் கலந்து, அறையை இருட்டாக்கி, வில்லைக்குள் இணைக்கற்றை ஒன்றைச் செலுத்தித் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கற்றை வெண்மையான கூம்பாகத் தெரியும். அது மெல்ல ஒடுங்கிக்கொண்டே போய்த் தொட்டியின் மறுசுவரை எட்டிவிட்டால், வில்லை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். திரைக்குத்தான் இடம் போதவில்லை. பாலை அளவோடு விடுங்கள். ஒரு தேக்கரண்டி ஊற்றிவிட்டால் கற்றை சிதறி, கூம்பின் நுனி எங்கே என்று சொல்ல முடியாமல் போகும். பிறகு தொட்டியைக் கழுவி மீண்டும் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

தீர்வு: நீளமான தொட்டி, அல்லது குறைந்த குவியத் தொலைவு கொண்ட வில்லை. காற்றில் 50 மி.மீ. உள்ள கிரௌன் வில்லை நீரில் 190 மி.மீ.க்குள் குவித்துவிடும்.

### விளக்கு மிக அருகில் இருக்கிறது

கற்றை இணையாக இல்லாமல், சாதாரண விளக்கொன்றைப் பொருளாக வைத்திருந்தால் இதைச் சோதியுங்கள். காற்றில் 100 மி.மீ. வில்லைக்கு 280 மி.மீ. தொலைவில் விளக்கை வைத்தால், மறுபுறம் ஏறத்தாழ 156 மி.மீ.இல் நல்ல பிம்பம் கிடைக்கும். அதே விளக்கை அசைக்காமல், வில்லையைச் சுவரிலிருந்து 30 மி.மீ. உள்ளே, நீருக்குள் இறக்குங்கள். விளக்கிலிருந்து சுவர்வரை உள்ள 250 மி.மீ. காற்றுத் தொலைவு, நீருக்குள்ளிருந்து பார்க்கும் வில்லைக்கு 333 மி.மீ. போலத் தோன்றும், அதனோடு 30ஐக் கூட்டினால் 363 மி.மீ. வருகிறது. இது 375ஐ விடக் குறைவு. பொருள் குவியத்திற்கு உள்ளே வந்துவிட்டதால் மெய்ப்பிம்பம் உருவாகவே உருவாகாது. திரையை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் மணிக்கணக்கில் திரையை முன்னும் பின்னும் நகர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கைப் பின்னுக்கு இழுங்கள். முடிந்தால் தொலைவிலுள்ள சன்னலையே பொருளாகக் கொள்ளுங்கள்.

### வில்லையின் மேல் காற்றுக்குமிழிகள் ஒட்டியிருக்கின்றன

குழாயிலிருந்து பிடித்த நீரைத் தொட்டியில் ஊற்றிச் சிறிது நேரம் விட்டால், வில்லையின் முகத்தில் மணல் போன்ற சிறு குமிழிகள் அரும்புவதைக் காணலாம். ஒவ்வொரு குமிழியும் நீருக்குள் விரிக்கும் வில்லையாக நடந்துகொண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. பிம்பம் முற்றிலும் மறையாமல் பால்போல் வெளுத்து, முனைகள் கரைந்து தெரிந்தால் இதையே முதலில் ஐயுற வேண்டும். மென்மையான தூரிகையால் நீருக்குள்ளேயே வருடிவிட்டால் குமிழிகள் எழுந்து போய்விடும். மீண்டும் மீண்டும் வந்தால், நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கரைந்திருக்கும் காற்று பெரும்பகுதி வெளியேறிவிடும்.

ஆறவிடுவதில் அவசரம் கூடாது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும்போது தொட்டிக்குள் கானல் அலைவதுபோல் கோடுகள் ஓடும்; அதன் வழியே எந்தப் பிம்பமும் நிலையாக நிற்காது.

### பாத்திரம் உருண்டையானது

சதுரத் தொட்டி கிடைக்காமல் பீக்கரிலோ கண்ணாடிச் சாடியிலோ வில்லையை இறக்கியிருந்தால், நீர் நிரம்பிய பாத்திரமே ஓர் உருளை வில்லையாகிவிடும். 50 மி.மீ. ஆரமுள்ள பாத்திரம், இணைக்கற்றையைத் தன் மையத்திலிருந்து ஏறத்தாழ 100 மி.மீ. தொலைவில் செங்குத்தான கோடாகக் குவிக்கும். சோதனை எளிது: வில்லையை வெளியே எடுத்துவிட்டு நீருடன் பாத்திரத்தை மட்டும் கற்றையில் வையுங்கள். திரையில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தால் குற்றவாளி பாத்திரம்தான். தட்டையான சுவர்களுள்ள தொட்டிக்கு மாறுவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை.

### எப்போது பிறரிடம் தருவது

மேலே சொன்ன நான்கையும் பார்த்த பிறகும் நீரில் பிம்பம் கிடைக்காமல், வில்லையை எடுத்துத் துடைத்துக் காற்றில் வைத்தாலும் பழைய கூர்மை திரும்பாவிட்டால், அது ஒட்டுவில்லையா என்று விளிம்பைப் பாருங்கள். கிரௌன், ஃபிளின்ட் ஆகிய இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லையில், நடுவே மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி வானவில் நிறத் திட்டுகளோ பனிபோன்ற படலமோ உள்நோக்கிப் பரவியிருந்தால் ஒட்டு விட்டுவிட்டது. வீட்டில் பசை வைத்து ஒட்ட முயல வேண்டாம். இரு பாகங்களின் மையங்களையும் ஒரே அச்சில் நிறுத்துவது ஒளியியல் பட்டறைக்குரிய வேலை. விலை குறைந்த வில்லையானால் புதியதை வாங்குவதே மேல்.

## அறிகுறி 2: பிம்பம் விழுகிறது, ஆனால் கணக்கோடு ஒத்துவரவில்லை

### அளந்த எண் கணக்கைவிடக் குறைவு

திரை தொட்டிக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். வில்லையிலிருந்து உட்சுவர்வரை 150 மி.மீ. நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 375 மி.மீ.இல் குவிய வேண்டிய கதிர்களுக்கு இன்னும் 225 மி.மீ. நீர்வழி பாக்கி. ஆனால் அவை காற்றுக்குள் வந்தவுடன் இன்னும் கூர்மையாக வளைந்து, அந்த 225ஐ 1.333ஆல் வகுத்த தொலைவிலேயே, அதாவது ஏறத்தாழ 169 மி.மீ.இல், குவிந்துவிடும். மேசையில் அளவுகோலை வைத்துப் பார்ப்பவர் 150உடன் 169ஐக் கூட்டி 319 என்று எழுதுவார். சுவர்க் கண்ணாடியின் தடிமனும் இதில் ஓரிரு மில்லிமீட்டர் மாற்றும். திருத்தும் முறை: சுவருக்கு வெளியே அளந்த காற்றுத் தொலைவை 1.333ஆல் பெருக்கிய பிறகே நீர்த் தொலைவோடு கூட்டுங்கள்.

அளக்கும் முறையே சரியா என்று ஐயம் வந்தால், நான் பெரிதும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஒரு குழி ஆடியை எடுத்து, அதன் குவியத் தொலைவை முதலில் காற்றிலும் பிறகு நீருக்குள்ளும் அளந்து பாருங்கள். திரையையும் நீருக்குள்ளேயே வைத்திருங்கள். ஒளித்தெறிப்புக்கு ஊடகம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் இரண்டு அளவுகளும் ஒன்றாகவே வரவேண்டும். வேறுபட்டால் கற்றை இணையாக இல்லை, அல்லது அளவுகோல் தவறான புள்ளியிலிருந்து தொடங்குகிறது. அதைத் திருத்திவிட்டு வில்லைக்குத் திரும்புங்கள்.

### இரு பக்கமிருந்தும் அளந்தால் இரண்டு எண்கள் வருகின்றன

வில்லை தொட்டிச் சுவரிலேயே பதிக்கப்பட்டு, ஒரு முகம் நீரிலும் மறுமுகம் காற்றிலும் இருந்தால் அப்படித்தான் வரும். இதில் பிழை ஏதும் இல்லை. இரு புறமும் ஒரே வளைவுள்ள, 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட, காற்றில் 100 மி.மீ. உள்ள வில்லையை எடுத்துக்கொண்டால், நீர்ப்பக்கமிருந்து வரும் இணைக்கற்றை காற்றில் 150 மி.மீ.இலும், காற்றுப்பக்கமிருந்து வரும் இணைக்கற்றை நீரில் 200 மி.மீ.இலும் குவியும். இந்த இரண்டு எண்களின் விகிதம் 1.333ஆக இருந்தால் அளவு சரி. அதற்கு வெகுவாக விலகி இருந்தால், வில்லைக்கும் சட்டத்துக்கும் இடையே நீர் கசிந்து காற்றுமுகத்தில் ஈரப்படலம் படிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

### நீரில் நிறவிளிம்பு தெரிகிறது, காற்றில் இல்லை

நிறப்பிழை நீக்கிய ஒட்டுவில்லைகளில், கிரௌன் பாகமும் ஃபிளின்ட் பாகமும் ஒன்றின் நிறப்பிழையை மற்றொன்று ஈடுசெய்யும்படி காற்றுக்காகக் கணக்கிடப்பட்டிருக்கும். நீரில் வெளிமுகங்களின் திறன் சுருங்கிவிடுகிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள ஒட்டிய முகம் மட்டும் பழையபடியே இருக்கிறது. சமநிலை குலைந்து நிறம் பிரிகிறது. துடைத்தோ திருகியோ இதைச் சரிசெய்ய முடியாது. ஒற்றை நிற ஒளியைப் பயன்படுத்துங்கள், அல்லது தட்டையான சாளரம் பொருத்திய காற்றுப்பெட்டிக்குள் வில்லையை வைத்துப் பெட்டியை மூழ்கடியுங்கள்.

## அறிகுறி 3: வில்லை மறைந்துவிட்டது, அல்லது குவிப்பதற்குப் பதில் விரிக்கிறது

கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.473. அக்ரிலிக் வில்லையை அதில் இறக்கினால் குவியத் தொலைவு நாற்பது மடங்கைத் தாண்டும். கிரௌன் வில்லைக்கே 17 மடங்கு ஆகி, 100 மி.மீ. என்பது 1.7 மீட்டருக்கு மேல் போய்விடும். நடைமுறையில் அது வெறும் கண்ணாடித் துண்டு. போரோசிலிக்கேட் கண்ணாடியின் எண்ணும் கிளிசரினோடு ஏறத்தாழ ஒன்றுவதால், அதில் செய்த குச்சியோ குவளையோ கிளிசரினில் கண்ணுக்கே தெரியாது. சூரியகாந்தி எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களும் 1.47ஐ ஒட்டியே இருக்கின்றன. ஆகவே வில்லை உடைந்து கரைந்துவிட்டதோ என்று அஞ்சிக் கையை விட்டுத் துழாவ வேண்டாம்; திரவம் என்னவென்று குப்பியின் மேல் படித்தாலே போதும்.

கிளிசரினையும் நீரையும் கலந்து இடைப்பட்ட மதிப்புகளைப் பெற விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலோட்டமாகக் கலக்கினால், எண்ணெய்ப் பாகு போன்ற இழைகள் நெடுநேரம் திரிந்துகொண்டே இருக்கும். வில்லையின் மேல்பாதி ஒரு குவியத்தையும் கீழ்ப்பாதி வேறொரு குவியத்தையும் தரும். தொட்டிக்குப் பின்னால் கட்டமிட்ட தாளை ஒட்டி, எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் கோடுகள் நேராக நிற்கும்வரை மெதுவாகக் கலக்குங்கள். விரைந்து கலக்கினால் குமிழிகள் புகுந்துவிடும். கெட்டியான திரவத்தில் அவை எளிதில் வெளியேறுவதில்லை.

குவிவில்லை உண்மையிலேயே விரிக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண் வில்லையைவிட மிகுந்திருக்கிறது. அல்லது வில்லை உள்ளீடற்றது, அதற்குள் காற்று இருக்கிறது. முதல் வகைக்குப் பாடங்களில் காட்டப்படும் எடுத்துக்காட்டு 1.63 எண்ணுள்ள கார்பன் டைசல்பைடு. அது நச்சுத்தன்மை உடையது, மிக எளிதில் தீப்பற்றுவது. உரிய காற்றோட்ட அறையும் பயிற்சி பெற்றவரும் இல்லாமல் அதை மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால் சோதனையை நிறுத்தி, அறையை விட்டு வெளியேறி, வேதியியல் பாதுகாப்புப் பொறுப்பாளரை அழையுங்கள்.

அதே விளைவைக் காட்ட ஆபத்தில்லாத வழி இருக்கிறது. இரண்டு வாட்ச் கிளாஸ்களை (ஆய்வகத்தில் பயன்படும் ஆழமற்ற வட்டக் கண்ணாடித் தட்டுகளை) விளிம்போடு விளிம்பு சேர்த்து, நீர் புகாதபடி சிலிக்கோன் பசையால் ஒட்டி, உள்ளே காற்றை அடைத்து நீரில் அமிழ்த்துங்கள். ஒவ்வொன்றின் வளைவு ஆரமும் 100 மி.மீ. என்றால், இந்தக் காற்றுவில்லை நீருக்குள் 200 மி.மீ. குவியத் தொலைவுள்ள விரிக்கும் வில்லையாகும்: 20 மி.மீ. அகலமாக நுழையும் கற்றை, 200 மி.மீ. தாண்டியதும் 40 மி.மீ. அகலமாகிவிடும். பால் கலந்த நீரில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, குண்டான வயிறுடைய ஒரு வில்லை கற்றையை விசிறிபோல் விரிப்பதைக் கண்கூடாகக் காணலாம். கற்றை விரிவது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் ஒட்டில் கசிவு. உள்ளே நீர் முழுமையாக நிரம்பிவிட்டால் விரிதல் அறவே நின்றுவிடும்.

## அறிகுறி 4: நீரடிக் கேமராவில் படம் மங்கல்

### தட்டையான முகப்பு

முதலில் கேமராவின் உறையைப் பாருங்கள். முன்கண்ணாடி தட்டையாக இருந்தால், வில்லை உறைக்குள் காற்றில்தான் இருக்கிறது. அதன் குவியத் தொலைவு மாறவில்லை. மாறுவது பொருள் தோன்றும் இடம். ஒரு மீட்டரில் உள்ள மீன் 75 செ.மீ.இல் இருப்பதுபோல் கேமராவுக்குத் தோன்றும். கையால் குவியப்படுத்துகிறவர் நீரில் அளந்த தொலைவை அப்படியே வளையத்தில் வைத்தால் படம் மங்கும். அளந்ததில் முக்கால் பங்கை வைக்க வேண்டும். தானியங்கிக் குவியம் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். பார்வைப் புலம் மட்டும் சுருங்கி, 28 மி.மீ. வில்லை 37 மி.மீ. வில்லைபோல் நடந்துகொள்ளும். ஓரங்களில் நிறம் பிரிவதும் தட்டை முகப்பின் இயல்பே. அகலக்கோண வில்லையில் அது பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் குவிமுகப்புக்கு மாறுவதே வழி.

கேமராவைக் கொண்டு அளவெடுக்கும் வேலை செய்பவர்கள், அளவுத்திருத்தத்தைக் காற்றில் செய்துவிட்டு நீரில் பயன்படுத்தினால் எல்லா நீளங்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். கட்டமிட்ட பலகையை நீருக்குள்ளேயே இறக்கி அங்கேயே திருத்துங்கள்.

### குவிந்த முகப்பு

தரையில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது, நீரில் இறங்கியதும் தொலைவுப் பொருள்கூடக் குவியவில்லை என்று வருகிறவர்களிடம் பெரும்பாலும் இந்த முகப்புதான் இருக்கும். குவிமுகப்புக்கு வெளியே நீர் வந்தவுடன், முடிவிலாத் தொலைவில் உள்ள பொருளின் மாயப்பிம்பம் முகப்பிலிருந்து அதன் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவில், முன்னால் தோன்றுகிறது. ஆரம் 100 மி.மீ. என்றால் கடலின் அடிவானமே 30 செ.மீ. முன்னால் வந்து நின்றுவிடுகிறது. கேமரா வில்லையால் அவ்வளவு அருகில் குவிக்க முடியாவிட்டால் எதுவும் கூர்மையாக வராது.

சோதனைக்குக் கடல் தேவையில்லை. உறைக்குள் போடுவதற்கு முன்பு, வில்லையின் முன் 30 செ.மீ.இல் ஓர் அச்சிட்ட தாளைப் பிடித்து, கேமரா குவிக்கிறதா என்று பாருங்கள். குவிக்கவில்லை என்றால் 2 அல்லது 3 டயாப்டர் (வில்லைத் திறனின் அலகு) அண்மை வில்லை ஒன்றை முன்னால் பொருத்துங்கள். அல்லது பெரிய ஆரமுள்ள முகப்பை நாடுங்கள். நடுப்பகுதி கூர்மையாகவும் மூலைகள் இழுபட்டும் இருந்தால், வில்லை முகப்பின் வளைவு மையத்தில் அமரவில்லை. உறைக்கும் முகப்புக்கும் நடுவே நீட்டிப்பு வளையம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அக்ரிலிக் முகப்பின் கீறல்களைக் கண்டு உடனே மனம் தளர வேண்டாம். வெளிப்புறக் கீறல்களுக்குள் நீர் நிரம்பும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்களும் நெருங்கிவிடுவதால், தரையில் அச்சுறுத்திய கீறல்கள் நீரில் பெரும்பாலும் தெரியாது. உட்புறக் கீறல் அப்படி மறையாது. அதற்கு மெருகூட்டல் அல்லது மாற்று முகப்புத் தேவை.

உறைக்குள் ஒரு சொட்டு நீரைக் கண்டாலும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மின்கலத்தை அகற்றி, உறையை உலரவைத்து, அழுத்தச் சோதனை செய்யும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் ஆழத்துக்குப் போவது கேமராவைப் பணயம் வைப்பதாகும்.

## அறிகுறி 5: நுண்ணோக்கியில் உயர் உருப்பெருக்கத்தில் தெளிவில்லை

### 40 மடங்கில் மங்கல், 10 மடங்கில் தெளிவு

யாரோ ஒருவர் 100 மடங்கு எண்ணெய் வில்லையைப் பயன்படுத்திவிட்டுச் சுழல்தட்டைப் பின்னோக்கித் திருப்பியிருக்கிறார். 40 மடங்கு உலர்வில்லை, கண்ணாடித் தகட்டின் மேலிருந்த எண்ணெயில் உரசிச் சென்றிருக்கிறது. காற்றுக்காகச் செய்யப்பட்ட முகத்தில் எண்ணெய் படிந்தால் அந்த முகத்தின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். ஒரு கண்ணருகு வில்லையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் நல்ல உருப்பெருக்கியாகும். அதன் வழியே பொருளருகு வில்லையின் நுனியைப் பாருங்கள். எண்ணெய் இருந்தால் வட்டமான பளபளப்பான திட்டு தெரியும். வில்லைத்தாளால் ஒற்றியெடுத்து, பிறகு தாளின் புதிய பகுதியில் துளியளவு துப்புரவுத் திரவம் தொட்டுத் துடையுங்கள். வில்லையைக் கரைப்பானில் ஊறவைக்கக் கூடாது. உள்ளே உள்ள ஒட்டுகள் இளகிவிடும்.

எண்ணெய் இல்லையென்றால் கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். மூடுதகடு கீழ்ப்புறமாகப் போயிருந்தால், 0.17 மி.மீ. கண்ணாடியை எதிர்பார்க்கும் வில்லைக்கு 1 மி.மீ. தடிமன் குறுக்கே நிற்கிறது.

### 100 மடங்கில் மங்கல்

எண்ணெய் விட்டிருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. 1878இல் ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்த எண்ணெய் அமிழ்வு முறையின் அடிப்படையே, 1.515 எண்ணுள்ள எண்ணெய் கண்ணாடியோடு ஒன்றிப்போய், மூடுதகட்டுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள காற்றை இல்லாமல் செய்வதுதான். எண்ணெய் இருந்தும் மங்கலாக இருந்தால், கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டுக் குழாயின் உள்ளே நேராகப் பாருங்கள். சீரான ஒளிவட்டத்தில் கருவிளிம்புள்ள சிறுவட்டம் மிதந்தால் எண்ணெயில் குமிழி அகப்பட்டிருக்கிறது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி விடுங்கள். எண்ணெய்க்குப் பதில் கிளிசரினோ நீரோ விட்டு ஒப்பேற்றுவது பலனளிக்காது. வில்லையின் உடலில் எந்த ஊடகம் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் விடுங்கள்.

பழைய தேவதாரு எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தால், நகத்தாலோ ஊசியாலோ சுரண்டாதீர்கள். அதுபோலவே, நுனி வில்லையின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால், அது முத்திரையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. இவ்விரண்டும் நுண்ணோக்கிப் பழுதுபார்ப்பவருக்கான வேலை.

### ஆழ அளவு குறைவாக வருகிறது

நீரில் மிதக்கும் மாதிரியை உலர்வில்லையால் பார்த்துக்கொண்டு, நுண்திருகு எவ்வளவு நகர்ந்தது என்பதை ஆழமாக எழுதினால் நான்கில் ஒரு பங்கு குறையும். திருகு 30 மைக்ரான் நகர்ந்தால் குவியம் மாதிரிக்குள் 40 மைக்ரான் நகர்ந்திருக்கிறது. 1.333ஆல் பெருக்குங்கள், நீரமிழ்வு வில்லை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பெருக்கல் தேவைப்படாது.

## அறிகுறி 6: வெற்றிடக் கலத்தில் காற்றை வெளியேற்றியதும் குவியம் நகர்கிறது

கேமரா கலத்துக்கு வெளியே இருந்து சாளரத்தின் வழியே பார்க்கிறது என்றால், வில்லை இன்னும் காற்றில்தான் இருக்கிறது. காற்றை வெளியேற்றியது அதன் குவியத் தொலைவை மாற்றவில்லை. பம்பின் அதிர்வில் தாங்கியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வில்லை கலத்துக்குள்ளேயே இருந்தால், காற்றின் ஒளிவிலகல் எண் 1.0003ஐ ஒட்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தச் சிறிய வேறுபாடே, 1.5 எண்ணுள்ள வில்லையின் குவியத் தொலைவை ஏறத்தாழ 0.08 விழுக்காடு குறைக்கப் போதுமானது. 500 மி.மீ. வில்லைக்கு அது 0.4 மி.மீ.; எஃப்-8 என்னும் துளை அளவில்கூட, படம் கூர்மையாக நிற்கும் இடைவெளியான குவிய ஆழம் இருபுறமும் சுமார் 0.07 மி.மீ. மட்டுமே என்பதால் படம் தெளிவாக மங்கும். காற்றை உள்ளே விட்டதும் கூர்மை பழையபடி திரும்பினால் காரணம் இதுவே. காற்றில் குவியப்படுத்திய பிறகு உணரியை வில்லையை நோக்கி அந்த அளவு நகர்த்தி வைத்துவிட்டுக் கலத்தை மூடுங்கள், அல்லது வெளியிலிருந்து இயக்கும் நகர்த்தியைப் பொருத்துங்கள். எந்தத் திசையில் நகர்த்துவது என்பதை மூடுவதற்கு முன்பு இருமுறை சரிபாருங்கள். எதிர்த்திசையில் நகர்த்தியவர் பிழையை இரட்டிப்பாக்கிவிடுவார்.

காற்றை உள்ளே விட்டும் கூர்மை திரும்பாவிட்டால், பல வில்லைகள் அடங்கிய மூடிய குழலுக்குள் அகப்பட்டிருந்த காற்று வெளியேற வழியின்றி, ஏதோ ஒரு வில்லையை இருக்கையிலிருந்து தள்ளியிருக்கலாம். மீண்டும் காற்றை வெளியேற்றாமல், குழலை அப்படியே ஒளியியல் பட்டறைக்கு அனுப்பி, காற்றுத் துளை இட்டுத் தரும்படி கேளுங்கள்.